ஏழு நாளில் வெண்மையா?



பொழுது புலருமுன் நம் மகளிரை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்ட ஜீப்புகள் போடிமெட்டை நோக்கி ஏறுவதை நாள்தோறும் காண்கிறோம். அவ்வாறு மலையேறி உழைக்கும் குடும்பமொன்றின் மகளுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் திருமணம் நிச்சயமாயிற்று. முதல் ஓலை வாசித்த ஞாயிறன்று மலர்ந்த முகத்துடன் நின்றவள், மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறன்று முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஆலயத்தின் கடைசியில் அமர்ந்திருந்தாள். கன்னங்கள் சிவந்து கொப்புளித்திருந்தன. வெயில் பட்டாலே எரிகிறது என்றாள்.

நடந்தது இதுதான். "பெண் சற்று நிறம் மட்டு" என்று மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் சொன்ன சொல் அவள் செவிக்கு எட்டியிருக்கிறது. தோழி ஒருத்தி கொடுத்த களிம்பை ஆறு மாதமாகப் பூசியிருக்கிறாள். முதலில் முகம் பளபளத்தது. களிம்பு தீர்ந்து பூசுவதை நிறுத்தியதும் இந்தக் கோலம். தோல் மருத்துவர் அக்குழாயைப் பார்த்த மாத்திரத்தில், "இது அழகுப் பொருளன்று, ஸ்டீராய்டு மருந்து" என்றாராம்.

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. வெயிலின் கொடுமையிலிருந்து தோலைக் காக்கும் குடை அது. அதனைச் சில நாளில் குறைத்துக் காட்டுவதாகச் சொல்லும் பூச்சுகளில் பெரும்பாலும் ஒளிந்திருப்பவை இரண்டு. ஒன்று, மேலே சொன்ன ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்பன அவற்றின் பெயர்கள். தக்க நோய்க்கு, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை பூசினால் இவை நன்மருந்துகளே. முகத்தில் மாதக்கணக்கில் பூசினாலோ தோல் மெலியும், பருக்கள் கிளம்பும், வேண்டாத உரோமம் முளைக்கும். நிறுத்தினால் முகம் தீப்பட்டதுபோல் எரியும். இதனாலன்றோ 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது!

மற்றொன்று பாதரசம். இது முகத்தோடு நிற்பதன்று. தோல் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைத் தாக்குவது. நம் மலைக்கு அப்பால், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். கோட்டக்கல்லில் உள்ள மருத்துவமனை ஒன்றின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரே வகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேரிடம் அபூர்வமான ஓர் உட்பிரிவு காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுக்கச் செய்யும் கிரீம்களைப் பூசி வந்தவர்கள்! பூசுவதை நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினர் என்பது ஆறுதல். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 2023-இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதிக்கத் தொடங்கியது. பாதரசம் சேர்த்து முகப்பூச்சு செய்வதையும் இறக்குமதி செய்வதையும் நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகள் தடுக்கின்றன. எனினும் சட்டம் வீட்டு அலமாரிவரை வந்து பார்ப்பதில்லை. நாம்தாம் பார்க்க வேண்டும்.

ஆகவே, எதையும் முகத்தில் பூசுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, இதில் என்ன இருக்கிறது? செய்தவர் பெயரும் முகவரியும், உட்பொருள்களும், உரிம எண்ணும் அச்சிடப்படாத டப்பாவைத் தொடாதீர்கள். மெர்க்குரி, கலோமெல் என்ற சொற்கள் இருந்தாலோ, தங்கம் வெள்ளி நகைகளில் படாமல் பூசவும் என்ற எச்சரிக்கை இருந்தாலோ, அது பாதரசத்தின் அடையாளம். அத்தகைய பூச்சைப் பூசிய கையும் துண்டும் வீட்டுக் குழந்தைக்கும் நஞ்சைக் கொண்டுசேர்க்கும். கருவுற்ற தாயின் வயிற்றுச் சிசுவையும் அது எட்டும்.

இரண்டாவது, சொல்பவர் யார்? அழகு நிலையத்தார் தம் தொழிலில் வல்லவராயிருக்கலாம். அமிலம் தடவித் தோலுரிக்கும் சிகிச்சையும் லேசர் சிகிச்சையும் பயிற்சி பெற்ற தோல் மருத்துவரின் வேலை. அளவு மிஞ்சினால், நம் போன்ற கருநிறத் தோலில் முன்னிருந்ததைவிடக் கருத்த தழும்பு விழக்கூடும். எத்தனை முறை வரவேண்டும், மொத்தச் செலவு என்ன, தீங்கு நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே கேட்பதில் நாணமென்ன? கருவுற்றிருந்தாலும், வேறு மருந்து உண்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். திருமணத்துக்குச் சில வாரமே இருக்கையில் புதிய சிகிச்சை எதையும் தொடங்காதீர்கள்.

மூன்றாவது, இது நோயா, நிறமா? பிள்ளைப்பேற்றுக்குப் பின் கன்னத்தில் படரும் மங்கு, ஆறாத பரு, திடீரென்று தோன்றிய வெண்புள்ளி ஆகியவற்றுக்கு வைத்தியம் உண்டு. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டலாம். வெயிலில் வேலை செய்வோர் தலைக்குத் துணி கட்டி நிழலிட்டுக்கொள்வது மங்கு பெருகாமல் காக்கும். பிறவி நிறமோ நோயன்று. நோயல்லாததற்கு மருந்தும் இல்லை.

நிற்க. ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்போர் அஞ்ச வேண்டாம். பாதரசப் பூச்சென்று ஐயமிருந்தால் உடனே நிறுத்துங்கள். ஸ்டீராய்டு என்று தெரிந்தால் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாக நிறுத்துங்கள். காலிலும் முகத்திலும் வீக்கம், சிறுநீரில் நுரை கண்டால் தாமதியாது சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். போகும்போது டப்பாவையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

அந்தப் பெண்ணின் திருமணம் குறித்த நாளில் நடந்தேறியது. முகம் தேறப் பல மாதங்கள் ஆயின. களிம்பைக் கொடுத்த தோழியை அவள் தாய் கடிந்துகொண்டார். நான் எண்ணிப் பார்த்ததோ, அதற்கும் முன்னே வந்த அந்த ஒரு சொல்லை. பெண் பார்க்கச் செல்லும் பெற்றோரே, மாப்பிள்ளை வீட்டுப் பெரியோரே, ஏலத்தோட்டத்தில் உழைத்துக் குடும்பம் காத்த முகத்தைப் பார்த்து 'நிறம் மட்டு' என்று சொல்லாதிருக்க நம்மால் இயலாதா? அச்சொல் நின்றால் அந்த டப்பாவுக்கு நம் வீடுகளில் வேலையிராது.