ஐந்து பெட்டியும் ஒரு களஞ்சியமும்

சிறிய ஆபீஸ் ஒன்றில் ஐந்து கம்ப்யூட்டர்கள் இருந்தால், அங்கே இருப்பது ஒரு ஆபீஸ் அல்ல. ஐந்து ஆபீஸ்கள் என்றே கொள்ளவேண்டும். காரியதரிசியின் மேஜையில் ஒரு கணக்கு இருக்கும். குமாஸ்தாவின் மேஜையிலும் அதே கணக்கு இருக்கும். தொகை மட்டும் வேறாக இருக்கும். "கடைசிக் கணக்கு" என்று ஒரு கோப்பு, "திருத்திய கடைசிக் கணக்கு" என்று இன்னொன்று, "இதுதான் கடைசி" என்று மூன்றாவது. எது உண்மையில் கடைசி என்பது அதை எழுதியவருக்கே வெளிச்சம். அவரோ அன்றைக்கு லீவில் போயிருப்பார்.

நான் அங்கத்தினனாயிருக்கும் ஆசிரியர்களின் சிக்கன நாணயச் சங்கத்தில் இந்த அவஸ்தை முற்றிப்போய், சென்ற வருஷம் ஒரு பைல் சர்வர் வைப்பதென்று நிர்வாகக் கமிட்டி தீர்மானித்தது. சங்கம் சிறியது, ஆனால் அதன் தஸ்தாவேஜுகள் சிறிய விஷயமல்ல. மகளின் கல்யாணத்துக்குக் கடன் வாங்கினவரின் பத்திரமும், அடுத்த சித்திரையில் ஓய்வு பெறப்போகிறவரின் முப்பது வருஷச் சேமிப்பும் அவற்றில் அடங்கியிருக்கின்றன. ஆகையால் கமிட்டியில் நடந்த விவாதத்தின் சாரத்தை வாசகர்களுக்குச் சொல்வது உபயோகமாயிருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் பைல் சர்வர் என்பது என்ன? ஆபீஸில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவான கோப்புக் களஞ்சியம் அது. கடைகளில் "நாஸ்" என்று கேட்டால் கொடுப்பார்கள். புஸ்தகங்கள் நாலைந்தை நிறுத்தி வைத்தாற்போன்ற சிறு பெட்டி. உள்ளே இரண்டு அல்லது நான்கு டிஸ்க்குகள். அதற்குத் திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. ஒரு கம்பியால் அதை ஆபீஸ் ஸ்விட்சுடன் இணைத்துவிட்டால், ஒவ்வொரு மேஜையிலிருந்தும் அதைத் திறக்கலாம்.

புதுப் பெட்டி வாங்கப் பணமில்லையென்றால் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸை ஏற்றி, "ஸாம்பா" என்னும் புரோகிராமைக் கொண்டு அதே காரியத்தைச் செய்துகொள்ளலாம். இதை 1991-ஆம் வருஷக் கடைசியில் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் எழுதத் தொடங்கினார். எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துக்களும் வரும் வார்த்தைகளை அகராதியில் தேடிக் கண்டெடுத்த பெயர்தான் ஸாம்பா. யார் வேண்டுமானாலும் அதை இலவசமாக உபயோகிக்கலாம்.

பெட்டியை வைப்பதற்கு முன்னால் கவனிக்கவேண்டியது, அதற்குப் போகும் பாதை. பழைய ஸ்விட்சுகள் பல விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு ஏற்பட்டவை. அதாவது விநாடிக்குச் சுமார் 12 மெகாபைட்டுக்கு மேல் போகாது. ஸ்கான் செய்த பத்திரங்கள் 2 ஜிகாபைட் இருந்தால், அவற்றை அனுப்ப ஏறக்குறைய மூன்று நிமிஷம் பிடிக்கும். 1000 மெகாபிட் ஸ்விட்சும் அதற்குத் தகுந்த கம்பியும் இருந்தால் அதே வேலை இருபது விநாடியில் முடிந்துவிடும். சந்து குறுகலாயிருக்கும்போது மாளிகை கட்டி என்ன பிரயோஜனம்? அன்றியும், பெட்டிக்கு மாறாத ஒரு விலாசத்தை ரவுட்டரில் ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தினம் ஒரு வீடு மாறும் குடித்தனக்காரரைப்போல் ஆகிவிடும். தேடுகிறவர்கள் தெருத்தெருவாக அலைய நேரிடும்.

அடுத்தது சாவி விஷயம். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்று வைத்துவிடுவது நமது ஆபீஸ்களில் சர்வ சாதாரணம். அது பூட்டாத கதவுக்குச் சமானம். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு இருக்கவேண்டும். கடன் கணக்கை எழுதும் உரிமை இருவருக்கு மட்டும். படிக்கும் உரிமை மற்றவர்களுக்கு. தணிக்கை முடிந்த வருஷங்களின் கணக்கை யாரும் திருத்த முடியாதபடி படிக்க மட்டும் வைத்துவிடலாம். வேலையை விட்டுப் போகிறவரின் பெயரை அவருடைய பிரிவுபசாரம் நடக்கும் தினத்திலேயே நீக்கிவிடுவது உத்தமம். இதில் அவநம்பிக்கை எதுவும் இல்லை. பின்னால் ஒரு தொகை மாறியிருந்தால், குற்றமற்ற நாலு பேர்மேல் சந்தேகம் விழாமல் காப்பாற்றுவது இந்த ஏற்பாடுதான்.

இவ்வளவு வரையில் கமிட்டியில் அபிப்பிராய பேதம் இல்லை. விவாதம் எழுந்தது பிரதி எடுக்கும் விஷயத்தில்.

"ஸார், இந்தப் பெட்டியில்தான் இரண்டு டிஸ்க் இருக்கிறதே! ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் தானாக எழுதப்படுகிறது. தனியாகப் பிரதி வேறு எதற்கு? வீண் செலவு" என்றார் பொருளாளர்.

கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. கமிட்டியில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஆனால் சிறிய ஆபீஸ்கள் தங்கள் தஸ்தாவேஜுகளைப் பறிகொடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சிறு டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து வைத்து, ஒன்று பழுதானாலும் வேலை நிற்காதபடி செய்யலாம் என்று 1988-ல் அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த பாட்டர்ஸன், கிப்ஸன், காட்ஸ் என்னும் மூவர் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். அந்த முறைக்கு "ரெய்டு" என்று பெயர். இரண்டு டிஸ்க்குகளைக் கண்ணாடிப் பிம்பம்போல் வைப்பது அதில் ஒரு வகை. 4 டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கினாலும் 4 டெராபைட் இடந்தான் நமக்குக் கிடைக்கும், மற்றது பிம்பம். ஒரு டிஸ்க் செத்துப்போனால் மற்றொன்று தாங்கும். வேலை நிற்காது. இது பெரிய உபகாரம் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் கண்ணாடிக்கு எதிரே நிற்பவர் முகத்தில் கரி பூசிக்கொண்டால், கண்ணாடியிலும் கரிதானே தெரியும்? குமாஸ்தா கை தவறி ஒரு கோப்பை அழித்தால், அது இரண்டு டிஸ்க்குகளிலும் ஒரே கணத்தில் அழிகிறது. பெட்டியைத் திருடன் தூக்கிக்கொண்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகின்றன. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது கீழ்த்தளங்களில் தண்ணீர் ஏறியது. அத்தகைய தண்ணீர் முதல் டிஸ்க், இரண்டாம் டிஸ்க் என்று பேதம் பார்ப்பதில்லை.

வெள்ளத்தைவிடக் கொடியது ஒன்றும் உண்டு. 2017 மே மாதம் 12-ஆம் தேதி "வான்னாக்ரை" என்னும் நச்சுப் புரோகிராம் உலகமெங்கும் பரவிற்று. கோப்புகளையெல்லாம் சங்கேத லிபியாக மாற்றிப் பூட்டிவிட்டு, சாவிக்குப் பணம் கேட்டது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே வேலை செய்ய முடியாமல் திண்டாடின. அது புகுந்த வழி, விண்டோஸில் கோப்புகளைப் பகிர்ந்துகொள்வதற்கென்று இருந்த பழைய முறையின் ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்களே பெரிதும் அவதிப்பட்டார்கள். ஆகவே பழைய முறையை நிறுத்திவைப்பதும், திருத்தங்களை உடனுக்குடன் போட்டுக்கொள்வதும் அவசியம். "வீட்டிலிருந்து பார்க்கலாமே" என்று களஞ்சியத்தின் கதவை நேரே இண்டர்நெட்டுக்குத் திறந்து வைப்பது வேண்டவே வேண்டாம்.

இதற்கெல்லாம் பரிகாரம் எளியது. முக்கியமான தஸ்தாவேஜு மூன்று பிரதிகளாக இருக்கவேண்டும். இரண்டு வெவ்வேறு விதமான சாதனங்களில் இருக்கவேண்டும். ஒன்றாவது வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ இருக்கவேண்டும். சங்கத்தில் கடைசியில் ஏற்பட்ட ஏற்பாடு இதுதான்: வெளியே செருகும் டிஸ்க் இரண்டு வாங்கினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றில் பிரதி எடுத்து, பாஸ்வேர்டால் பூட்டி, பாங்கு லாக்கரில் வைக்கிறார்கள். அங்கிருக்கும் மற்றொன்று ஆபீஸுக்குத் திரும்புகிறது. பிரதி எடுக்கும் நேரம் தவிர மற்ற வேளையில் எந்த டிஸ்க்கும் பெட்டியுடன் இணைந்திருப்பதில்லை. கம்பியில் தொங்காத டிஸ்க்கை எந்த நச்சுப் புரோகிராமும் தொட முடியாதல்லவா? தினசரி மாறும் கணக்குகள் மட்டும் இரவில் வாடகைக்கு எடுத்த மேகக் களஞ்சியம் ஒன்றுக்குப் போகின்றன. மின்சாரம் திடீரென்று நின்றால் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு பாழாகாமலிருக்க ஒரு சிறு யு.பி.எஸ். கருவியும் வைத்தாயிற்று.

பொருளாளருக்கு இன்னும் முழுத் திருப்தி ஏற்படவில்லை. "எடுத்த பிரதி நல்ல பிரதி என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அன்றைய விவாதத்தில் மிகச் சிறந்த கேள்வி அதுதான். அதற்கு விடை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை லாக்கர் டிஸ்க்கைக் கொண்டுவந்து, வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, ஏதாவது ஒரு அங்கத்தினரின் கணக்கைத் திறந்து பார்ப்பது. திறந்து பார்க்காத பிரதி, பிரித்துப் பார்க்காத கவரைப்போல. உள்ளே பணம் இருக்கிறதென்று நம்பிக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். அந்தச் சோதனையைச் செய்யும் பொறுப்பைக் கமிட்டி பொருளாளரிடமே ஒப்படைத்தது.

பைல் சர்வர் வாங்க உத்தேசித்திருக்கும் வாசகர்கள், எத்தனை டெராபைட், என்ன விலை என்று கடைக்காரரிடம் விசாரிப்பதற்கு முன்னால், தங்களைத் தாங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: இன்றிரவு அந்தப் பெட்டி இல்லாமற்போனால், நாளைக் காலை பத்து மணிக்கு ஆபீஸில் எந்தக் கணக்கைக் காட்டுவோம்? இதற்கு விடை தெரிந்தவர்கள் எந்தப் பெட்டியை வாங்கினாலும் பாதகமில்லை.