மனப்பாடமும் மொழியறிவும்



வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பும் மாணவன் ஒருவன் தன் ஆங்கிலத் தேர்வு முடிவுடன் அண்மையில் என்னைக் காண வந்தான். ஐ.இ.எல்.டி.எஸ். எனப்படும் இத்தேர்வு 1989ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கிற்கும் தனித்தனியே 9 வரை மதிப்பெண் உண்டு. படித்தலில் 7 பெற்றவனுக்கு எழுதுதலில் 5 மட்டுமே. "இருபது கட்டுரைகளை மனப்பாடம் செய்திருந்தேன், சாமி!" என்று கலங்கினான்.

குறை அங்கேதான் இருந்தது. எழுத்துப் பகுதியில் 60 நிமிடங்களில் இரு விடைகள் எழுத வேண்டும். ஒன்று 150 சொற்களுக்கும், மற்றொன்று 250 சொற்களுக்கும் குறையலாகாது. கேட்ட வினாவுக்கு விடை உண்டா என்பதைத் திருத்துவோர் நோக்குவர். மனப்பாடக் கட்டுரையோ பிறர் அளவுக்குத் தைத்த சட்டை.

ஆகவே, நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்துமுன், நாள்தோறும் ஒரு பக்கம் படித்து, அதைத் தன் சொற்களில் எழுதப் பிள்ளையைப் பழக்குங்கள். விரும்பும் பல்கலைக்கழகம் ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு மதிப்பெண் கேட்கிறது என்று முன்னரே அறியுங்கள். முடிவு பொதுவாக 2 ஆண்டுகளுக்கே செல்லும். மிக முன்னதாகத் தேர்வு எழுதுவதும் வீணே.

மதிப்பெண் குறைந்தால் பிள்ளையை ஏசாதீர்கள். அளக்கப்பட்டது அவனது ஆங்கிலமேயன்றி அவனது அறிவன்று. அம்மாணவன் இப்பொழுது வாரந்தோறும் தானே எழுதிய இரு பக்கங்களைக் கொண்டு வருகிறான். பிழைகள் உள்ளன, ஆயினும் எண்ணம் அவனுடையது. பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம்.