புலியா, சிறுத்தையா, பூனையா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் 'புலிக்குட்டி' பிடிபட்டதாகச் செய்தி வரும். படத்தைப் பார்த்தால் குட்டை வாலும் சாம்பல் உடலுமாக ஒரு மீன்பிடிப் பூனை! நாயைத் தேடி லயத்துக்கு வருவது சிறுத்தை. இதுவோ ஓடையோரத்தில் மீனும் நண்டும் தேடும் பிராணி. சிங்களத்தில் இதன் பெயர் 'ஹந்துன் திவியா'. திவியா என்றாலே சிறுத்தைதான்.

இலங்கைக் காடுகளில் புலி கிடையாது. ஆனால் 1956இல் தெரணியகல இலங்கைச் சிறுத்தையைத் தனி உபஇனமாக விவரித்தபோது சூட்டிய பெயர் 'கொட்டியா'. புலியையும் குறிக்கும் சிங்களச் சொல். அறிஞர் வைத்த பெயரே இப்படி இருக்க, கொழுந்து பறிப்பவரைக் குறைகூறுவானேன்?

குறை எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களிடம். தலைப்புக்குக் கச்சிதமாக இருக்கிறதென்று 'புலி' என்று போட்டுவிடுகிறோம். (போர்க்காலத்தில் அச்சொல்லுக்கு இருந்த பொருள் தனிக்கதை.) அச்சத்தில் லயத்தார் தடியெடுத்தால் சாவது பூனை. சட்டம் இரண்டையுமே பாதுகாக்கிறது.

2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் சுருக்குக் கம்பியில் சிக்கி, பின்னர் உடவளவையில் உயிர்விட்ட கருஞ்சிறுத்தையும் தனி இனமன்று. கருநிறமி மிகுந்த அதே சிறுத்தைதான்.

அடுத்த முறை படம் வந்தால், தலைப்பு எழுதுமுன் வாலைப் பாருங்கள், நண்பர்களே. நீண்டிருந்து, உடலில் வளைய வளையமாகப் புள்ளிக்கூட்டம் தெரிந்தால் மட்டும் சிறுத்தை என்று எழுதுங்கள்.