எறியும் கரமும் காக்கும் கடமையும்

கல்விக்கூடம் அறிவோடு உடலையும் பண்படுத்தும் களமாகும். அமெரிக்கக் கல்லூரிகள் பேஸ்பால் ஆட்டத்தில் 'பிட்சர்' எனப்படும் பந்தெறிவோரை உருவாக்கும் முறை இவ்வகையில் ஆராயத்தக்கது.

நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்த ஆட்டக்காரரைத் தொழில்முறை அணிகள் பொதுவாக மூன்றாண்டு முடிந்தோ, 21 வயது நிறைந்தோதான் தேர்ந்தெடுக்க இயலும். அக்காலத்திற்குள் கல்லூரி அவரைச் செதுக்குகிறது. உடற்பயிற்சி, எடை கூடிய பந்துகளை எறிதல், அதிவேக ஒளிப்படக் கருவிகளால் தோள், முழங்கை அசைவுகளை அளத்தல் ஆகியன இன்றைய வழிமுறைகள். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் இதற்கெனத் தனி ஆய்வுக்கூடமே அமைத்துள்ளது. விமானப்படைக் கல்லூரியிலிருந்து லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பால் ஸ்கீன்ஸ் 2023இல் 209 மட்டையாளர்களை 'ஸ்டிரைக் அவுட்' முறையில் வெளியேற்றினார்; அணி வாகை சூடியது; அவரும் அவ்வாண்டுத் தேர்வில் முதல்வரானார். இம்முறையின் வெற்றிக்கு இது சான்று.

எனினும் மறுபக்கமும் உண்டு. முழங்கையின் உட்புறத் தசைநார் அறுந்தால் வேறிடத்து நாணை எடுத்துப் பொருத்தும் அறுவை மருத்துவத்தை 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்னும் வீரருக்கு முதன்முதலாகச் செய்தார். இன்று மாணவப் பருவத்தினரும் அதனை நாடும் நிலை தோன்றியுள்ளது. வேகத்தையே இலக்காகக் கொண்டு ஒவ்வொரு பந்தையும் முழு ஆற்றலுடன் எறிவதே காயங்கள் பெருகுதற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்றென, தொழில்முறை பேஸ்பால் அமைப்பு 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை சுட்டுகின்றது.

உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் 2017 முதல் பந்து எண்ணிக்கைக்கு மாநிலந்தோறும் வரம்பு விதிக்கப்பட்டது. கல்லூரியிலோ அது பெரிதும் பயிற்சியாளரின் முடிவிற்கே விடப்பட்டுள்ளது. வெற்றியைக் கொண்டே அவர்தம் பதவி நிலைக்கிறது. மாணவனும் களத்தை விட்டு நீங்க விரும்பான் என்பர் சிலர். உண்மையே. ஆயினும் இளமையின் ஆர்வம் தன் எல்லையை அறியாது என்பதனால் அன்றோ ஆசிரியர் வேண்டப்படுகிறார்? எனவே, "இன்று போதும்" என்று கூறும் உரிமை, வெற்றி தோல்வியால் ஊதியம் மாறாத மருத்துவரிடம் இருத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து.

மாணவனின் கை கல்லூரியின் உடைமையன்று. பெற்றோர் நம்பி ஒப்படைத்த அமானிதம். கோப்பைகள் பேழையில் நிலைக்கும். அவற்றை ஈட்டிய கரமும் நலமாயிருத்தல் வேண்டும். எத்துறையில் மாணவரைப் பயிற்றுவிப்போரும் இதனைச் சிந்திப்பாராக!