நேர்காணலுக்குச் செல்லும் நம் பிள்ளைகளும் மூஸா நபியின் தயக்கமும்

நேர்காணலுக்கு அழைப்பு வந்த வீட்டில் பெரும்பாலும் இரண்டு அறிவுரைகள் கேட்கும். "ஈமான் உள்ள பிள்ளை இதற்கெல்லாம் பயப்படலாமா?" என்பது ஒன்று. "துஆ செய்துவிட்டுப் போ, கிடைக்க வேண்டியது கிடைக்கும்" என்பது மற்றொன்று. இரண்டும் அன்பினால் சொல்லப்படுபவைதாம். எனினும், முதல் அறிவுரை அச்சத்தைக் குற்றமாக்கிவிடுகிறது. இரண்டாவது, ஆயத்தத்தைத் தேவையற்றதாக்கிவிடுகிறது. உள்ளங்கை வியர்த்து, படித்ததெல்லாம் மறந்துவிட்டதைப் போன்ற கலக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு இவ்விரண்டாலும் பயன் குறைவே.

நம் குடும்பங்களில் பல, தலைமுறைகளாக வணிகத்துக்கும் வளைகுடா வேலைக்கும் பழகியவை. உறவினர் கடையிலோ, தெரிந்தவர் மூலமாகவோ வேலை கிடைத்த வீடுகளில், முன்பின் அறியாத நால்வர் முன் அமர்ந்து தன்னைப் பற்றிப் பேச வேண்டிய தேவை எழுந்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டின் முதல் பட்டதாரி அந்த நாற்காலியில் அமரும்போது நடுங்குவதில் வியப்பில்லை. அந்த நடுக்கத்தை எவ்வாறு அணுக வேண்டும் என்பதற்குத் திருக்குர்ஆனிலேயே நமக்குத் தெளிவான வழிகாட்டல் இருக்கிறது.

மூஸா நபி மறைக்காத அச்சம்

ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு அல்லாஹ் கட்டளையிட்டபோது, மூஸா (அலை) அவர்கள் தம் நிலையை மறைக்கவில்லை. நெஞ்சம் நெருக்கடிக்கு உள்ளாவதையும், நாவு சரளமாக ஓடாததையும், தம்மீது அவர்கள் சுமத்தும் ஒரு குற்றம் இருப்பதையும் இறைவனிடம் எடுத்துரைத்தார்கள் (26:12-14). தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாக அனுப்புமாறும் வேண்டினார்கள் (28:34). அல்லாஹ் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. கேட்டதைக் கொடுத்தான் (20:36). நபித்துவத்தின் மகத்துவத்தை நமது வேலை தேடலோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. ஓர் இறைத்தூதரே தம் அச்சத்தை வெளிப்படையாகச் சொல்லியிருக்க, நம் பிள்ளையின் அச்சத்தை ஈமானின் குறைவாகப் பேசுவது முறையாகுமா என்பதே நம் கேள்வி.

இந்த வரலாற்றில் நாம் எளிதில் கடந்து செல்லும் மற்றொரு செய்தி உண்டு. கைத்தடி பாம்பாக மாறும் அற்புதம் முதன்முதலில் ஃபிர்அவ்னின் அவையில் நிகழவில்லை. துவா பள்ளத்தாக்கில், வேறு எவரும் இல்லாத இடத்தில், தடியைக் கீழே போடுமாறு மூஸா (அலை) அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டது. அது பாம்பாக நெளிவதைக் கண்டு அவர்கள் திரும்பி ஓடினார்கள் (28:31). அஞ்ச வேண்டாம் என்று ஆறுதல் கூறப்பட்டு, அதைக் கையில் எடுக்கவும் பணிக்கப்பட்டார்கள். அரசவையில் நடக்கவிருந்ததைத் தனிமையில் ஒருமுறை கண்டு, அஞ்சி, தெளிந்த பின்னரே அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அதன் பிறகும், சூனியக்காரர்கள் முன் நின்றபோது அவர்களின் உள்ளத்தில் அச்சம் எழுந்ததைத் திருக்குர்ஆன் குறிப்பிடுகிறது (20:67). ஆக, ஆயத்தம் அச்சத்தை முற்றிலும் நீக்கிவிடும் என்ற வாக்குறுதி எங்கும் இல்லை. அச்சம் இருந்தும் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்க அது துணை நிற்கும்.

துஆவோடு செய்ய வேண்டியவை

ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டுப் பின்னர் அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதாக வரும் செய்தியை நாம் அனைவரும் அறிவோம். நேர்காணலில் அந்தக் கட்டும் கயிறு எது?

முதலாவது, வாய்விட்டுப் பேசிப் பழகுதல். மனத்துக்குள் படித்த பதில் நாவில் வராது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்வி அநேகமாக எல்லா நேர்காணலிலும் வரும். அதற்கு இரண்டு நிமிடத்துக்குள் பதில் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்து, கேட்டுத் திருத்த வேண்டும். ஆங்கிலத்தில் நடக்கும் நேர்காணலாயின், தமிழில் நினைத்து நீண்ட வாக்கியங்களாக மொழிபெயர்க்க முயலாமல், சிறு சிறு வாக்கியங்களில் பேசிப் பழகுவது நல்லது.

இரண்டாவது, தன் தகுதியைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுதல். தற்பெருமையாகிவிடுமோ என்ற அச்சத்தில் நம் பிள்ளைகள் பலர், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், செய்த வேலையையும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரிடம் நாட்டின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் பேணிக் காப்பவர் என்றும் அறிந்தவர் என்றும் தம் தகுதியைக் கூறியே கேட்டார்கள் (12:55). உள்ளதை உள்ளபடி சொல்வது பெருமையாகாது. ஆனால், "கடின உழைப்பாளி" என்று வெறுமனே சொல்வதால் பயனில்லை. கல்லூரித் திட்டப்பணியில் எதைச் செய்தோம், எங்கே தடைபட்டோம், எப்படிச் சரிசெய்தோம் என்று ஒரு நிகழ்ச்சியையாவது விளக்கத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, இல்லாததைச் சொல்லாதிருத்தல். பொய்யான அனுபவச் சான்றிதழோடு செல்பவரின் நடுக்கத்துக்கு எந்தப் பயிற்சியும் மருந்தாகாது. அந்தப் பொய்யின் மேல் கட்டப்படும் சம்பளத்தின் நிலை என்ன என்பதையும் சிந்திக்க வேண்டும். விடை தெரியாவிட்டால், "எனக்குத் தெரியவில்லை, கற்றுக்கொள்கிறேன்" என்று சொல்வதில் இழிவில்லை. மாபெரும் அறிஞரான இமாம் மாலிக் (ரஹ்) அவர்களே பல கேள்விகளுக்குத் தெரியாது என்று வெளிப்படையாகப் பதிலளித்தவர்கள்.

நான்காவது, நம் மார்க்கம் சார்ந்த சூழல்களை முன்கூட்டியே எண்ணி வைத்தல். நேர்காணல் வெள்ளிக்கிழமை நண்பகலில் அமைந்தால், நேரத்தை மாற்ற இயலுமா என்று அழைப்பு வந்த அன்றே பணிவோடு கேட்கலாம். எதிர்பாலினத்தவர் கைகுலுக்க முன்வந்தால், நெஞ்சில் கை வைத்துப் புன்னகையுடன் வணக்கத்தை ஏற்கப் பழகலாம். ஹிஜாப் பற்றிய கேள்வி எழுந்தால், அது தம் பணிக்கு இடையூறாக இராது என்று ஒரே வாக்கியத்தில் அமைதியாகக் கூறி, பேச்சைப் பணியின் பக்கம் திருப்பலாம். இவற்றை அந்த நொடியில் யோசிக்க நேரும்போதுதான் தடுமாற்றம் மிகுகிறது.

முந்தைய நாளே சான்றிதழ்களை அடுக்கி, செல்லும் வழியை உறுதி செய்துகொண்டு, நேரத்தோடு உறங்க வேண்டும். சுப்ஹுத் தொழுகையோடு நாளைத் தொடங்கி, நெஞ்சை விரிவாக்கவும் நாவின் முடிச்சை அவிழ்க்கவும் மூஸா (அலை) அவர்கள் கேட்ட துஆவை (20:25-28) பொருள் உணர்ந்து ஓத வேண்டும். காத்திருக்கும்போது படபடப்பு மிகுந்தால், மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வெளிவிட்டால் இதயத்துடிப்பு சற்றே தணியும்.

வீட்டாரின் பங்கு

முதல் வஹீ வந்தபின் நடுக்கத்தோடு இல்லம் திரும்பிய நபி (ஸல்) அவர்களை அன்னை கதீஜா (ரலி) அவர்கள் எவ்வாறு தேற்றினார்கள் என்பது புகாரியில் பதிவாகியுள்ளது. முதலில் போர்வை போர்த்தி, நடுக்கம் அடங்கும்வரை இருந்தார்கள். பிறகு, அல்லாஹ் உங்களைக் கைவிடமாட்டான் என்று கூறி, அதற்குச் சான்றுகளையும் அடுக்கினார்கள்: உறவைப் பேணுகிறீர்கள், பிறர் சுமையைச் சுமக்கிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள் என்று, அவர்கள் ஏற்கனவே செய்துவந்த நற்செயல்களை நினைவூட்டினார்கள்.

நம் வீடுகளில் நடப்பதோ வேறு. "பெரியப்பா மகன் முதல் முறையிலேயே தேறிவிட்டான்", "இந்த வேலை கிடைத்தால்தான் தங்கையின் நிக்காஹ்" என்னும் சொற்களைச் சுமந்துகொண்டு பிள்ளை வாசற்படி இறங்குகிறது. அந்தச் சுமையோடு யாருக்குத்தான் நா எழும்? "உன் தம்பிக்குக் கணக்கு எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாய்", "அந்த அரியர் தாளை நீயாகவே படித்துத் தேறினாயே" என்று உண்மையான ஒன்றை நினைவூட்டி அனுப்புங்கள். அதைப் பிள்ளை அறைக்குள்ளும் எடுத்துச் செல்லும்.

மஹல்லாவின் பங்கு

2006ஆம் ஆண்டு வெளிவந்த சச்சார் குழு அறிக்கை ஒன்றைச் சுட்டிக்காட்டியது. 2003, 2004ஆம் ஆண்டுகளின் குடிமைப் பணி முதன்மைத் தேர்வை எழுதியவர்களில் முஸ்லிம்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு; ஆனால், எழுதியவர்களின் வெற்றி விகிதம் ஏனையோருக்கு ஏறத்தாழ இணையாகவே இருந்தது. போட்டிக்கு வந்து நின்றவர்கள் பிறருக்குச் சளைக்கவில்லை. வந்து நின்றவர்கள்தாம் சிலர். அந்த வாசல்வரை நம் பிள்ளைகளைக் கொண்டுசெல்லும் பொறுப்பு நம்முடையது.

பெரும்பாலான மஹல்லாக்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோ, வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ பணியாற்றும் ஒருவரோ இருப்பார். வாரத்தில் ஒருநாள் இஷாத் தொழுகைக்குப் பின் மதரஸாக் கூடத்தில் ஒருமணி நேரம் மாதிரி நேர்காணல் நடத்த நான்கு நாற்காலிகள் போதும். பெண் பிள்ளைகளுக்கு அவர்களுக்கு ஏற்ற நேரத்தில், பணிபுரியும் சகோதரிகளைக் கொண்டு தனியே நடத்தலாம். தடுமாற்றமெல்லாம் நம்மவர் முன்னிலையிலேயே நிகழ்ந்துவிட்டால், அந்நியர் முன்னிலையில் அது குறையும்.

இவ்வளவும் செய்த பின்னரும் வேலை கிடைக்காமல் போகலாம். ரிஸ்க்கை அளிப்பவன் அல்லாஹ். அந்த மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர்கள் அல்லர். திரும்பி வரும் பிள்ளையிடம் "என்ன ஆயிற்று?" என்று கேட்பதற்கு முன் "சாப்பிட்டாயா?" என்று கேட்போம். பிறகு, எந்தக் கேள்வியில் தடுமாறினான், எதற்கு நன்றாகப் பதில் சொன்னான் என்று பொறுமையாகக் கேட்டு, அடுத்த நேர்காணலுக்கு ஆயத்தப்படுத்துவோம். நம் பிள்ளைகளின் நெஞ்சங்களை அல்லாஹ் விரிவாக்கி, அவர்களுக்கு ஹலாலான வாழ்வாதாரத்தை வழங்குவானாக. ஆமீன்.