லயத்து வாசலில் கேட்க முடியாத வினா

அண்ணன் மகள் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்து அந்தப் படி வரை ஏறும் முதல் பிள்ளை, எங்கள் குடும்பத்தில். போன மாதம் எம்பிலிப்பிட்டியவுக்கு என்னைப் பார்க்க வந்தவள், ஆய்வு முன்மொழிவைக் கையில் கொடுத்து, "சித்தப்பா, வாசிச்சுப் பாருங்க" என்றாள். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். வினாத்தாள் தயாரித்தே வயது போனதால், ஒரு வினா எங்கே பிசகுகிறது என்பது கண்ணில் பட்டுவிடும்.

அவளுடைய முதல் வினா இது: "இரத்தினபுரி மாவட்டப் பெருந்தோட்டப் பெண்கள் பின்தங்கியிருப்பதற்குக் கல்வியின்மை எவ்வாறு காரணமாகிறது?"

பின்தங்கியவர்கள் என்ற தீர்ப்பும் வந்துவிட்டது, காரணமும் வந்துவிட்டது. இனி நாலு வருடம் அலைந்து எதைத் தேடுவது?

"இதை உன் அத்தை முகத்தைப் பார்த்துக் கேட்பியா?" என்றேன். தலை குனிந்துகொண்டாள்.

அடுத்த ஞாயிறு பஸ் மாறி இறக்குவானைக்கு, அந்த அத்தையான என் அக்காவிடம் போனோம். அக்கா பென்ஷன் இல்லாத கிழவி. ஆனால் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவள். சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடித்து, நிர்வாகம் 12 சேர்த்துக் கட்டிய ஊழியர் சேமலாப நிதியை 50 வயதுக்குப் பின் எடுத்தாள். "அந்தக் காசுலதான் கூரைத் தகரம் மாத்தினோம். இவளுக்கு எங்கருந்து வரும்?" என்று மருமகளைக் காட்டினாள். மருமகள் குடியிருப்பது லயத்தில், கொழுந்தெடுப்பது நாட்டுத் தேயிலையில், அதாவது கிராமத்தவரின் சிறுதோட்டங்களில். கிலோ கணக்கில் அன்றன்றைக்குக் கைக்காசு. அவள் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போதே பழைய வினாவை வெட்டிவிட்டு எழுதினாள்: "தோட்ட வேலையை விட்டுச் சிறுதோட்டங்களுக்குக் கொழுந்தெடுக்கப் போகும் லயத்துப் பெண்கள், முதுமைக்கு எதை நம்பியிருக்கிறார்கள்?" இதற்கு விடை அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் தேடினால் கிடைக்கும். யாரிடம் போக வேண்டும், எந்தக் கணக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும் என்பதை வினாவே சொல்லிவிடுகிறது. இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கு இன்று சிறுதோட்டங்களில்தான் விளைகிறது. எனவே இது ஒரு லயத்தோடு முடிகிற விஷயமுமல்ல.

வினாவை மாற்றினால் மதிப்புக் குறையுமோ என்று பயந்தாள். இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் வாலண்டைன் டானியலைப் பற்றிச் சொன்னேன். தோட்டத்துப் பெண்களின் நாட்டார் பாடல்களை ஆராயவென்று 1983இல் இங்கே வந்தவர் அவர். அந்த வருட ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் அடிபட்ட மக்கள் அவரிடம் வேறு கதை சொன்னார்கள். பாடல் ஆய்வை ஒதுக்கிவிட்டு அதைக் கேட்டார். 1996இல் வெளிவந்த 'சார்ட் லல்லபீஸ்' என்ற நூல் அப்படிப் பிறந்ததுதான்.

நூலகத்தில் உட்கார்ந்து முன்னவர்கள் எழுதியதை வாசிக்கத்தான் வேண்டும், ஒருவர் கேட்டு முடித்ததையே மறுபடி கேட்காமலிருக்க. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கோட்பாட்டுப் பெயர்களை முதலில் அடுக்கி, அதற்குத் தோதாக ஆட்களைத் தேடும் முன்மொழிவுகளை நான் ஏற்கமாட்டேன். மலையக மக்களைப் பற்றி அப்படி எழுதப்பட்டவை போதும்.

மேற்பார்வையாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். முன்மொழிவில் கையெழுத்து வைக்கும் முன், அந்த வினாவைத் தமிழில் சொல்லி லயத்து வாசலில் ஒரு தடவை கேட்டுவர மாணவரை அனுப்புங்கள்.