அறிவியல் புனைகதை வீண் பொழுதா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி., இயற்பியல்)

"பாடப் புத்தகத்தைப் படிக்காமல் பறக்கும் தட்டுக் கதை என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அறிவியல் புனைகதை என்றால் வானத்து வேடிக்கை என்ற எண்ணமே இதற்குக் காரணம். அது தவறு என்பது என் கருத்து. இயந்திரம், காலம், விண்வெளி ஆகிய பொருள்களில் மூன்று நூல்களை இங்கே நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ராஜபாளையத்துக்காரர்களுக்கு நாயைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இந்நாவலின் ஜீனோ என்ற நாய் புத்தகம் படிக்கிறது, சிந்திக்கிறது! அது ஓர் இயந்திரம். பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டிய ஒரு நாட்டில், ஆட்சியை எதிர்க்கும் பெண்ணுக்கு அதுவே துணை நிற்கிறது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் பங்கேற்ற பொறியாளர் எழுதிய கதை இது என்பதையும் நினைவிற் கொள்க.

இரண்டாவது, எச்.ஜி. வெல்ஸ் 1895-ல் எழுதிய 'தி டைம் மெஷின்'. எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு அப்பால் சென்று பார்த்தால், மனிதகுலம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மேலே, உழைப்பறியாமல் பழம் தின்று விளையாடும் கூட்டம். கீழே, பாதாள இருட்டில் இயந்திரங்களோடு வாழும் கூட்டம். பஞ்சாலையில் இரவு ஷிப்டு முடித்து, தலைமுடியில் பஞ்சோடு வந்த என் அம்மாவிடம் இக்கதையைச் சொன்னேன். "ஏம்ப்பா, மேல உள்ளவுகளுக்குப் பழம் இருக்கு. கீழ கெடக்குறவுக என்னத்தைத் திம்பாக?" என்று கேட்டார். திகைத்துப் போனேன். நாவலின் உயிர்முடிச்சே அந்தக் கேள்விதான்! விடையை நான் சொல்ல மாட்டேன், படித்தறிக.

மூன்றாவது, 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008-ல் கொழும்பில் மறைந்த ஆர்தர் சி. கிளார்க் எழுதிய 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' (1979). இலங்கையை ஒத்த ஒரு தீவில், மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு 'லிஃப்ட்' அமைக்க ஒரு பொறியாளர் முனைகிறார். உச்சியிலோ பழமையான புத்த மடம் இருக்கிறது! பேருந்து ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கி, ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் தெரியும்போதெல்லாம் எனக்கு இக்கதை நினைவுக்கு வரும். அதை எழுப்பியவர்களும் வானை நோக்கித்தானே எழுப்பினார்கள்!

ஆங்கிலம் தடுக்குமே என்று அஞ்ச வேண்டாம். தமிழில் ஜீனோவோடு தொடங்குங்கள். அடுத்து வெல்ஸ், அது சிறிய நூல்தான். இவற்றுக்கென நம் நூலகத்தில் ஓர் அடுக்கு ஒதுக்கித் தருமாறு ஆசிரியப் பெருமக்களையும் வேண்டுகிறேன்.

இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பாடப் புத்தகம் சொல்லித் தருகிறது. அது யாருக்காக ஓடுகிறது என்று கேட்க வைப்பவை இக்கதைகள். பள்ளிக்கூடம் அதிகம் காணாத என் அம்மா கேட்டதை, பட்டம் பெறப்போகும் நாம் கேட்க வேண்டாமா?